இரத்தத்தில் முதுகலை

டயானாவின் நாற்காலிக்கு ஐந்து சக்கரங்கள். முத்துமாரி தினமும் எண்ணினாள். ஆறு மாதமாக எண்ணிக்கை மாறவில்லை. எண்ணுவதை நிறுத்தவும் முடியவில்லை.

மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிற நலந்தரு லேபில் இரத்தம் எடுக்க மூன்று கவுண்டர்கள். மூன்றாவது கவுண்டரில் பதினாறு வருஷமாக முத்துமாரி நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்கிறாள். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வருகிற முதல் ஆளிலிருந்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கையை நீட்டுகிற கடைசி ஆள்வரை அவளுக்கு உட்கார இடம் கிடையாது. ஊரார் கையில் நரம்பைத் தேடித் தேடியே பழகியவளுக்குத் தன் முழங்காலுக்குக் கீழே தேடாமலே நரம்பு தெரிந்தது. பச்சையாக, முடிச்சு முடிச்சாக, மெட்ரோ ரயில் வரைபடம் மாதிரி.

டயானா வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகிறது. சாந்தோமில் இருவருக்கும் ஒரே தெரு. கையில் ரப்பர் பட்டையை எந்தப் பக்கம் முடிச்சுப் போடுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே முத்துமாரி. அப்படிப்பட்ட டயானா ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்த கையோடு எங்கேயோ போய்வந்தாள். திடீரென்று ஒருநாள் முதல் கவுண்டரில் கண்ணாடி போட்ட மேஜை வந்தது. சக்கரம் வைத்துச் சுழலும் நாற்காலி வந்தது. மேஜைமேல் பித்தளைப் பலகை வந்தது: ‘டயானா, எம்.டபிள்யூ.எல். (இரத்தம்), கலெக்‌ஷன் இன்சார்ஜ்.’

எம்.டபிள்யூ.எல். என்றால் பணியிடக் கற்றலில் முதுகலைப் பட்டம். பார்க்கிற வேலையிலேயே படித்து வாங்குவது. அடைப்புக்குறிக்குள் இருப்பது சிறப்புப் பாடம்.

இன்சார்ஜ் இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எடுப்பதை உட்கார்ந்து பார்த்தால் போதும். டயானா உட்கார்ந்து பார்த்தாள். ஃபைல் எடுக்க எழுந்திருக்காமல் காலால் ஒரு உந்து உந்தி அலமாரிவரை உருண்டு போனாள். அந்தச் சக்கரச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முத்துமாரிக்கு நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் யாரோ கேஸ் அடுப்பைப் பற்றவைத்த மாதிரி இருக்கும்.

இப்படி இருக்கையில் மேனேஜர் ஷாஹுல் ஹமீது ஒரு செய்தி சொன்னார். தி.நகரில் புதுக் கிளை. அதற்கு ஒரு இன்சார்ஜ் தேவை.

“எனக்கு இன்னா பாய் கொறச்சல்?” என்று முத்துமாரி அன்றைக்கே போய் நின்றாள்.

“கொறச்சல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஆடிட்டு பண்ண வர்றானுங்களே, அவனுங்க கேக்கறானுங்க. இன்சார்ஜ்னா எம்.டபிள்யூ.எல். இருக்கணுமாம். உன் கை தங்கம், எனக்குத் தெரியாதா? ஆனா முத்திரை எங்கன்னு கேக்கறானே, நான் இன்னா பண்ணட்டும்?”

“ஒரு வருசம் டைம் குடுப்பியா பாய்?”

“கட்டடமே இன்னும் முடியல. தாராளமா படி.”

எங்கே படிப்பது என்று டயானாவைக் கேட்டிருக்கலாம். முத்துமாரி கேட்கவில்லை. டயானா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த விசிட்டிங் கார்டை போனில் படம் எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது இடுப்பால் நாற்காலியை ஒரு இடி இடித்தாள். அது சத்தமே இல்லாமல் நகர்ந்து போனது இன்னும் எரிச்சலாக இருந்தது.

*

நித்திய கற்றல் கழகம் அடையாறில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இயங்கியது. கீழே லிஃப்ட் கதவில் ஒரு அறிவிப்பு: ‘இந்த லிஃப்ட் ஒரு நேரடி ஆய்வுக்கூடம். ஏற வேண்டாம். கற்றல் நடந்துகொண்டிருக்கிறது.’ லிஃப்ட்டுக்குள் ஸ்பேனரும் கையுமாக ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

முத்துமாரி தன் கால் நரம்புகளை இழுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினாள்.

இயக்குநர் முனைவர் செந்தில்குமார் அவளை உட்காரச் சொல்லிவிட்டு விண்ணப்பத்தைப் படித்தார். லேப் டெக்னீஷியன் டிப்ளமா, சரி. தபால் வழியில் பி.ஏ. வரலாறு, சரி. அடுத்த வரியில் அவர் விரல் நின்றது.

“பதினாறு வருட அனுபவமா?”

“ஆமா சார்.” முத்துமாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர்கள் கழற்றுவார்களே, அப்படி.

“இவ்வளவு முற்றவிட்டு வந்திருக்கிறீர்களே அம்மா.”

“சார்?”

“எங்கள் பட்டம் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்காக அல்ல. நீங்கள் எவ்வளவு கற்றீர்கள் என்பதற்காக. தொடக்கத்தில் ஒரு தேர்வு, அது பேஸ்லைன். முடிவில் ஒரு தேர்வு, அது ஃபைனல். ஃபைனலிலிருந்து பேஸ்லைனைக் கழித்தால் கிடைப்பது கற்றல். உங்களுக்குத் தொடக்கத்திலேயே நூறு என்றால், கழித்தால் என்ன வரும்?”

“சைபரு.”

“கழித்தலும் தெரிந்திருக்கிறது” என்று அவர் வருத்தத்துடன் குறித்துக்கொண்டார். “வேலை தெரிந்தவர்களுக்கு வேலையைக் கற்பிப்பதுபோல் ஒரு சவால் உயர்கல்வியில் வேறு இல்லை அம்மா.”

“சார் மொதல்ல இன்னா வேலை பாத்தீங்க?”

“நான் வேலையை வெளியிலிருந்து பார்த்தவன். இருபத்திரண்டு வருடங்கள். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. போனால் பார்வை கெட்டுவிடும்.”

கடைசியில் மனமிரங்கி, ‘அனுபவத் தளர்வு’ என்ற பிரிவில் இடம் கொடுத்தார். அதற்கு முத்துமாரி ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது: ‘எனக்கு இந்த வேலை தெரியாது எனக் கழகம் கருதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.’

பேனாவை எடுத்தவள் ஒரு நொடி தயங்கினாள். எதிர்ச் சுவரில் பழைய மாணவர்களின் படங்கள் மாட்டியிருந்தன. மூன்றாவது வரிசையில் கறுப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியுமாக டயானா சிரித்தாள். முத்துமாரி கையெழுத்துப் போட்டாள். கீழே தேதியும் போட்டாள்.

*

ஞாயிறு வகுப்பு. மற்ற ஆறு நாளும் வேலை செய்தபடி நாட்குறிப்பு எழுத வேண்டும். தலைப்பு அச்சடித்தே கொடுத்திருந்தார்கள்: ‘இன்று நான் கற்றது.’

முதல் வாரம் முத்துமாரி எழுதினாள்: ‘புதுசா ஒண்ணும் இல்லை. திங்கட்கிழமை அறுபத்தி மூணு பேருக்கு எடுத்தேன். அறுபத்தி மூணும் ஒரே குத்து. செவ்வாய் மழை. நாற்பது பேர்தான். ஒரே குத்து.’

சிவப்பு மையில் திரும்பி வந்தது. ‘கற்றல் எதுவும் தென்படவில்லை. நிலைமை கவலைக்கிடம்.’

நாட்குறிப்பும் கையுமாக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவளிடம் லிஃப்ட்டுக்குள் பேப்பர் படித்த ஆள் வந்தார். பெயர் டில்லிபாபு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிற மெக்கானிக். கழகத்தில் எம்.டபிள்யூ.எல். (லிஃப்ட்) மாணவர்.

“இன்னாக்கா, உண்மைய எழுதிட்டியா?”

“வேற இன்னாத்த எழுதறது?”

“அய்ய! என்னப் பாரு. இந்த லிஃப்ட்ட மொத நாளே பாத்துட்டேன். மேல ஒரு ஒயரு லூஸா கீது. ரெண்டு நிமிசம். மாட்டிட்டேன்னு வையி, நான் அப்பால இன்னாத்தக் கத்துக்கறது? அதான் எட்டு மாசமா கத்துக்கினே கீறேன்.”

“எட்டு மாசமா ஒயர மாட்டலியா நீ?”

“மொத செமஸ்டர்ல லிஃப்ட்டுன்னா இன்னான்னு கத்துக்கினேன். இப்ப ஒயருன்னா இன்னான்னு போய்க்கினு கீது. வர்ற செமஸ்டர்ல லூஸுன்னா இன்னான்னு.”

“மார்க்கு?”

“எண்பத்தெட்டு.”

அடுப்பு இன்னொரு பர்னரும் பற்றிக்கொண்டது.

அந்த நேரம் இயக்குநர் படியேறி வந்தார். இரண்டாவது மாடியிலேயே சட்டை நனைந்திருந்தது. “டில்லிபாபு, முன்னேற்றம் எப்படி?”

“மெதுவா வந்துக்கினு கீது சார்.”

“அவசரமே வேண்டாம். நன்றாக... வேரூன்றட்டும்” என்றார் அவர், நடுவில் ஒரு மூச்சு வாங்கி. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடியில் நாலு நிமிஷம் நின்றார். அந்த நாலு நிமிஷமும் தன் மாணவனைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் முத்துமாரி எழுதினாள்: ‘இன்று நோயாளியின் கை எது, கால் எது என்று குழம்பினேன். பகல் பன்னிரண்டு மணிக்குள் தெளிவு பிறந்தது.’ பத்துக்கு ஒன்பது. ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘அருமை. இந்தப் பணிவு தொடரட்டும்.’

லேபில் அதே காலை ஒன்பது மணிவரை ஐம்பத்திரண்டு பேருக்கு எடுத்திருந்தாள். எல்லாம் கையில்தான். ஐம்பத்திரண்டாவது ஆள் அஃப்சருன்னிசா பாட்டி. திருவல்லிக்கேணியிலிருந்து வாரா வாரம் வருகிறவர். டயாலிசிஸ் செய்து செய்து கை முழுக்கத் தழும்பு. வேறு எந்த லேபிலும் நரம்பு அகப்படாது. முத்துமாரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “இன்னைக்கு வீட்ல இன்னா கொழம்பு நானி?” என்றாள். “அரே, வெறும் வயித்தோட வந்தவகிட்ட கேக்கற கேள்வியா இது?” என்று அவர் முறைத்து முடிப்பதற்குள் ஊதா மூடிக் குழாய் நிறைந்துவிட்டது.

*

இரண்டாவது செமஸ்டரில் பாடப்புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் ‘கவுண்டர் மூன்றில் தொடுதிறன்: ஒரு கள ஆய்வு’ என்று போட்டு, கீழே ஆசிரியர் பெயர். டயானா.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தை முத்துமாரி நின்றுகொண்டே படித்தாள்.

‘பங்கேற்பாளர் ஒன்று (இனி ப-1) நோயாளியின் கையைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறார். இடக்கை மோதிர விரலால் நரம்பைத் தொட்டறிகிறார். அதே வேளையில் வெறும் வயிற்றுடன் இருக்கும் நோயாளியிடம் அன்றைய குழம்பைப் பற்றி விசாரிக்கிறார். பசித்தவருக்கு உணவுப் பேச்சால் சினம் மூள்கிறது. சினத்தால் நரம்பு புடைக்கிறது. ப-1 தம்மை அறியாமலே கையாளும் உளவியல் உத்தி இது.’

மறுபடி ஒருமுறை படித்தாள். நாலு வருஷம் பக்கத்தில் நின்றவள். மழை நாளில் தன் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள். அப்போதெல்லாம் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள்.

மறுநாள் லேபில் நேரே மேஜைக்குப் போனாள். “இன்னாடி ப-1?”

டயானா எழுந்து நின்றுவிட்டாள். “பேரு போடக்கூடாதுன்னு ரூலுக்கா. நான் போட்டிருந்தேன். அவருதான் அடிச்சிட்டாரு.”

“பேரு கெடக்குதுடி. கை என்னுது, டிகிரி உன்னுதா?”

வராண்டாவில் டோக்கன் எண் கூப்பிட்டது. முத்துமாரி போய் நின்றுகொண்டாள்.

எழுத்துத் தேர்வில் அந்தப் பக்கத்திலிருந்தே கேள்வி வந்தது. ‘ப-1 குழம்பைப் பற்றி விசாரிப்பதன் நோக்கம் யாது?’

முத்துமாரி எழுதினாள்: ‘அன்னைக்கு எங்க வீட்டுல என்ன குழம்பு வைக்கிறதுன்னு ஒரு ஐடியா கிடைக்கும்.’

பூஜ்யம்.

“ப-1-ஐ நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை” என்றார் இயக்குநர்.

“சார், ப-1 நான்தான்.”

அவர் அதிர்ந்து போய்க் கதவைச் சாத்தினார். “ஆய்வுப் பங்கேற்பாளரின் அடையாளத்தை வெளியிடுவது நெறிமுறை மீறல் அம்மா! இரண்டு மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கிறது.”

“இருந்ததே சைபரு சார்.”

“இப்போது மைனஸ் இரண்டு.” எழுதியதும் அவர் முகம் மலர்ந்தது. “நல்லதுதான். முதல்முறையாக உங்களிடம் எனக்கு நம்பிக்கை வருகிறது.”

*

எழுத்தில் மைனஸ் இரண்டு பேஸ்லைனாகப் பதிவாகிவிட்டது, செய்முறையில்தான் பேஸ்லைன் பாக்கி. விதிமுறை பதினான்கின்படி, மாணவர் மூன்று முறை தவற வேண்டும். அதாவது ஊசி மூன்று முறை நரம்பில் இறங்காமல் போக வேண்டும். அப்போதுதான் அவருக்கு வேலை தெரியாது என்பது நிரூபணமாகும். இதை நோயாளிகளிடம் செய்வது பாவம் என்பதைக் கழகம் உணர்ந்திருந்தது. ஆகவே பணியிட வழிகாட்டி தன் கையைக் கொடுக்க வேண்டும். பணியிட வழிகாட்டி எம்.டபிள்யூ.எல். பெற்றவராக இருக்க வேண்டும்.

நலந்தரு லேபில் அந்தப் பட்டம் பெற்றவர் ஒருவர்தான்.

சுற்றறிக்கையைப் படித்ததும் முத்துமாரிக்கு உலகத்தில் நீதி நியாயம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. டயானாவின் கை. மூன்று குத்து. சட்டப்படி. இயக்குநர் முன்னிலையில். அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருந்தது. காலில்கூட வலி குறைந்தது.

சனிக்கிழமை மதியம் கூட்டம் ஓய்ந்ததும் இயக்குநர் ஸ்டாப்வாட்சோடு வந்தார். டயானா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது. இரத்தத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற டயானாவுக்கு ஊசி என்றால் பயம். முத்துமாரிக்கு இது இந்த நாலு வருஷத்தில் தெரியாது. தெரிந்ததும் சந்தோஷம் இரட்டித்தது.

“அக்கா... பாத்துக்கா.”

“கைய மூடிக்க.” முத்துமாரி ரப்பர் பட்டையை இறுக்கினாள். கொஞ்சம் கூடுதலாகவே.

“தொடங்கலாம்” என்றார் இயக்குநர். “பதற்றம் வேண்டாம். நிதானமாகத் தவறுங்கள்.”

முத்துமாரி கையைப் பார்த்தால் தவறலாம் என்று நினைத்துத்தான் குனிந்தாள். பழக்கதோஷம், கண் முகத்துக்குப் போய்விட்டது. முகத்துக்குப் போனதும் வாய் தானாகத் திறந்தது.

“இன்னைக்கு வீட்ல இன்னா கொழம்புடி?”

“வஞ்சிர...” என்றாள் டயானா. சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் விர்ரென்று ஏறியது.

“என்ன செய்துவிட்டீர்கள்!” இயக்குநர் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார்.

“கை அதுவா பூட்ச்சி சார்.”

“இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. தயவுசெய்து முயற்சி செய்யுங்கள்.”

அடுத்த கை. முத்துமாரி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். இறங்கிவிட்டது. மூன்றாவது முறை புறங்கையில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டு, அங்கி போட்ட போட்டோவை நினைத்துக்கொண்டு குத்தினாள். மோதிர விரல் யாரையும் கேட்காமல் தன் வேலையைப் பார்த்தது. மேஜைமேல் மூன்று குழாய் நிறைய டயானா.

இயக்குநர் எழுதினார்: ‘மாணவி மூன்று வாய்ப்புகளிலும் தவறத் தவறினார். பேஸ்லைன் பதிவாகவில்லை. பேஸ்லைன் இல்லாமல் ஃபைனல் இல்லை.’ பேனாவை மூடினார். “உங்களிடம் ஆர்வம் போதவில்லை அம்மா.”

அவர் போனபிறகு முத்துமாரி தன் இடது கையை வலது கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தி.நகர் கிளைக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஹமீது பாய் காலையில்தான் சொல்லியிருந்தார்.

“மூணும் வலிக்கவே இல்லக்கா” என்றாள் டயானா, பஞ்சை அழுத்திக்கொண்டு. சொல்லும்போது அவள் பார்வை முத்துமாரியின் விரல்கள்மேல் இருந்தது. அந்த முகத்தில் நன்றி இல்லை. வேறு என்னவோ இருந்தது. முத்துமாரிக்கு நன்றாகப் பழக்கமான ஏதோ ஒன்று; ஆனால் இன்னொருத்தி முகத்தில் அதைப் பார்த்ததில்லை என்பதால் சட்டென்று பெயர் சொல்ல வரவில்லை.

*

ஒரு மாதம் கழித்து, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இயக்குநர் செந்தில்குமார் லேபுக்கு வந்தார். இந்த முறை ஸ்டாப்வாட்ச் இல்லை. டாக்டர் சீட்டு இருந்தது. பதினாலு மாதமாக தினம் நாலு மாடி ஏறியதில் நெஞ்சுப் படபடப்பு. எட்டு வகை இரத்தப் பரிசோதனை எழுதியிருந்தது.

இரண்டாவது கவுண்டரில் வரிசையே இல்லை. அங்கே நின்ற குல்ஷன் அவருடைய மாணவிதான். பேஸ்லைனில் பதினோரு முறை தவறியவள். கழகத்தின் தங்கப் பதக்கத்துக்கு அவரே கைப்பட பரிந்துரை எழுதியிருந்தார்.

“வாங்க சார், இங்க ஃப்ரீயா கீது” என்று குல்ஷன் கூப்பிட்டாள்.

அவர் குல்ஷனைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு மூன்றாவது கவுண்டரின் வரிசையில் பத்தொன்பதாவது ஆளாகப் போய் நின்றார். முறை வந்தபோது ஏழே முக்கால்.

“வாங்க சார். இடது கைய நீட்டுங்க. மூடிக்குங்க.” முத்துமாரி பட்டையைக் கட்டினாள். ஊசியைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

“சார், இது பேஸ்லைனா, ஃபைனலா?”

“எது?”

“இப்ப குத்தப் போறது. பேஸ்லைன்னா மூணு தபா மிஸ் பண்ணணும். டயானா கையில வரல. சார் கையில வரும்னு தோணுது.”

பின்னால் நின்ற அஃப்சருன்னிசா கழுத்தை நீட்டிப் பார்த்தார். வரிசை மொத்தமும் பார்த்தது.

“ஃபைனல் அம்மா. ஃபைனல்!”

“பேஸ்லைன் இல்லாம ஃபைனல் கெடையாதுன்னு நீங்கதான் சார் எழுதிக் குடுத்தீங்க.”

“பேஸ்லைன்... முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாமே.”

“வெச்சிக்கினா பத்தாது சார். பதிவாகாத கற்றல் கற்றலே இல்லன்னு உங்க செவுத்துலயே ஒட்டிகீது.” அவள் அலமாரிக்கு அடியிலிருந்து நாட்குறிப்பை எடுத்து அவருடைய வலது கைப்பக்கம் வைத்தாள். பேனாவையும் திறந்து வைத்தாள். “சார் பொறுமையா எழுதுங்க. பட்டை கட்டின கை கொஞ்சம் மரத்துப் போவும். பரவால்ல.”

அவர் எழுதினார். ‘மாணவி மூன்று முறை தவறினார். பேஸ்லைன்: பூஜ்யம்.’ கையெழுத்து, தேதி.

“ஃபைனலும் அப்டியே போட்ருங்க சார்.”

“இன்னும் குத்தவே இல்லையே!”

“அப்ப குத்திப் பாத்துட்டு முடிவு பண்லாமா?”

‘ஃபைனல்: நூறு’ என்று எழுதினார்.

“இன்னைக்கு வீட்ல இன்னா கொழம்பு சார்?”

“மோர்க்...”

குழாய்கள் நிறைந்தன. பஞ்சு வைத்து அழுத்திவிட்டு, முத்துமாரி அன்றைய பக்கத்தைத் தானே நிரப்பினாள். ‘இன்று நான் கற்றது: ஊசிக்கு முன்னால் படிவம்.’

நூறிலிருந்து பூஜ்யம் போனால் நூறு. கழகத்தின் வரலாற்றில் இவ்வளவு கற்றலை யாரும் கண்டதில்லை. குல்ஷனின் பதக்கம் முத்துமாரிக்கு வந்தது. பட்டமளிப்பு நாளன்று டில்லிபாபு தன் ஃபைனலாக ஒயரை மாட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இயக்குநர் கண்கலங்க லிஃப்ட்டில் ஏறிப் போனார். மறுநாள் காலை, புதிய மாணவர் ஒருவர் சேர்ந்திருப்பதால் அந்த ஒயர் மறுபடி கழற்றப்பட்டது.

*

தி.நகர் கிளையின் நாற்காலிக்கும் ஐந்து சக்கரங்கள். முத்துமாரி உட்காருவதற்கு முன்பே குனிந்து எண்ணிவிட்டாள். ‘முத்துமாரி, எம்.டபிள்யூ.எல். (இரத்தம்)’ என்ற பித்தளைப் பலகையை முந்தானையால் துடைத்தாள். காலை நீட்டி உட்கார்ந்து ஒரு உந்து உந்தினாள். அலமாரிவரை போனாள். திரும்பி வந்தாள். எடுக்க ஃபைல் எதுவும் இல்லாததால் மறுபடி ஒருமுறை போய்வந்தாள்.

பலகையோடு கழகத்தின் கடிதம் ஒன்றும் வந்திருந்தது. ‘இன்சார்ஜ் ஊசியைத் தொடுவது பிறரது கற்றலுக்கு இடையூறு. தவிர்க்கவும்.’

மூன்றாவது வாரம் அஃப்சருன்னிசா ஆட்டோ வைத்துக்கொண்டு தி.நகருக்கே வந்துவிட்டார். “உனக்காகத்தான் வந்தேன் மகளே. எங்க, எடு.”

“நான் எடுக்கக்கூடாது நானி. அதோ, அந்தப் பொண்ணு எடுப்பா.”

கவுண்டரில் ஜுவேரியா. டிப்ளமா முடித்து நாலு மாதம். முதல் வாரம் முத்துமாரிதான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளுக்கு வாயால் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். தழும்பு நிறைந்த அந்தக் கை இந்தப் பெண்ணுக்கு அகப்படாது. அகப்படாவிட்டால் இன்சார்ஜ் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். கடிதமாவது, கற்றலாவது. முத்துமாரி காலைத் தரையில் ஊன்றித் தயாராக இருந்தாள். மோதிர விரல் நமநமவென்றது.

ஜுவேரியா அஃப்சருன்னிசாவின் முகத்தைப் பார்த்தாள். “இன்னைக்கு வீட்ல இன்னா சாலன் நானி?”

“அரே, இவளும் ஆரம்பிச்சிட்டாளா?” என்று அவர் சொல்லும்போதே ஊதா மூடிக் குழாய் நிறைந்தது. ஒரே குத்து. “மாஷா அல்லா! கை எவ்ளோ லேசு! முத்துமாரி, உன்னவிட லேசுடி!”

முத்துமாரி சிரித்தாள். நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் பழைய அடுப்பு குப்பென்று பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் இல்லாத தீ. எதிரே கண்ணாடிக் கதவில் தன் முகம் தெரிந்தது. பஞ்சை அழுத்திக்கொண்டு விரல்களைப் பார்த்தாளே டயானா, அதே முகம்.

போனை எடுத்தாள். “டயானா, நாலு வருசம் எப்டிடி தாங்கிக்கினு இருந்த?”

“எதக்கா?”

“ஒண்ணுமில்ல. வெச்சிடு.”

டோக்கன் எண் கூப்பிட்டது. அடுத்த ஆள் வருவதற்குள் கிடைத்த அரை நிமிஷத்தில் ஜுவேரியா ஒரு காலைத் தூக்கி மறு காலின்மேல் தேய்த்துக்கொண்டாள். அவள் பார்வை மெல்ல நழுவி முத்துமாரியின் நாற்காலிக்குக் கீழே வந்து நின்றது. உதடுகள் அசைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

ஐந்தாவது சக்கரம் சுவர்ப்பக்கம் மறைந்திருந்தது. அவளுக்குத் தெரியட்டும் என்று முத்துமாரி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள்.